இடுப்பில் ஒரு பேட்ஜ்

"இடுப்புல என்னப்பா மின்னுது?"

கேட்டவர் ஆரின் ஸ்டபில்ஃபீல்ட். அந்த அமெரிக்க மலை மாவட்டத்தில் போலீஸுக்குத் தலைவரான ஷெரிஃப் என்று சொன்னால் அவர்தான். அதுவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போதுதான் திரும்பினார். ஜோலீன் கொண்டுவந்து வைத்த சோள ரொட்டியும் பீன்ஸ் குழம்பும் மேசைமேல் தொடப்படாமல் ஆறிக் கிடந்தன.

எதிரே நின்ற டேல் கிட்னர் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டான். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டின் நுனியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக் காட்டினான்.

"பேட்ஜ், ஷெரிஃப்."

"எந்த ஊர்ப் போலீஸ் நீ?"

"போலீஸ் இல்ல. துப்பாக்கியை மறைச்சு வெச்சுக்க பெர்மிட் வாங்கினவன். அதைத்தான் இதுல எழுதியிருக்கு. கேட்டலாக்ல பார்த்து வாங்கினேன். தோல் உறையோட வந்துச்சு."

"கொண்டா இப்படி."

ஆரின் அதைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். தங்கப் பூச்சு. மேலே சிறகு விரித்த கழுகு. நடுவில் பொடிப்பொடியாக எழுத்து.

"மூணடி தள்ளி நின்னா இந்த எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? கழுகு மட்டும்தான் தெரியும்."

"அதுக்குத்தான் ஷெரிஃப். நாளைக்கே கடையில எவனோ சுடறான், நானும் துப்பாக்கியை எடுக்கறேன்னு வைங்க. ஓடி வர்ற உங்க ஆளுங்களுக்கு யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு எப்படித் தெரியும்? பேட்ஜ் இருந்தா என்னைச் சுட மாட்டாங்கல்ல?"

"ஏன், கெட்டவன் வீட்டுக்கு கேட்டலாக் வராதா?"

டேல் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"சிரிக்காதே. பெர்மிட் வகுப்புல என்ன சொல்லிக்குடுத்தாங்க? போலீஸ் நிறுத்தினா என்ன செய்யணும்?"

"என்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு வாயால சொல்லணும். ரெண்டு கையையும் தெரியற மாதிரி வெச்சுக்கணும். கேட்டா பெர்மிட் அட்டையைக் காட்டணும்."

"இதுல பேட்ஜ் எங்க வருது?"

"வரல."

"துப்பாக்கி இப்ப எங்கே?"

"வண்டியில வெச்சுப் பூட்டிட்டேன். உள்ளே கொண்டு வரக்கூடாதுன்னு வாசல்லயே போர்டு இருக்கே."

"பரவால்ல, அந்த அளவுக்காவது புத்தி இருக்கு."

ஆரின் தட்டை இழுத்துக்கொண்டார். ரொட்டியைப் பிய்த்து பீன்ஸில் தோய்த்து வாயில் போட்டார். பிறகு அந்தப் பக்கத்து வழக்கப்படி கோக் பாட்டிலுக்குள் ஒரு கை வேர்க்கடலையைக் கொட்டி, நுரை அடங்கும்வரை காத்திருந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம். ஆத்து வெள்ளம் ஊருக்குள்ள வந்துடுச்சு. மில் காலனியில ஒரு கூரை மேல பொம்பளை ஒருத்தி, கையில குழந்தை. படகு கிட்டக்கப் போயும் இறங்க மாட்டேங்கறா. கொட்டற மழையில என் முகம் தெரியல அவளுக்கு. சட்டையில இருந்த நட்சத்திர பேட்ஜ்தான் தெரிஞ்சுது. உடனே பிள்ளையைத் தூக்கி என் பக்கம் போட்டா."

"பிடிச்சீங்களா?"

"பிடிக்காம? ஆனா தம்பி, எனக்கு நீச்சல் தெரியாது. அன்னிக்கு அது அவளுக்குத் தெரியாது."

அவர் குரல் ஏறியது. ஒரு காலத்தில் தேவாலயத்துக் கடைசி பெஞ்சுவரை கேட்ட குரல். நெஞ்சும் நிமிர்ந்துவிட்டது.

"துப்பாக்கி உன்னை நீ காப்பாத்திக்க. பேட்ஜ் அப்படியில்ல. அதைப் பார்த்தவன் உன்னை நோக்கி ஓடி வருவான். வந்து கூப்பிட்டா நீ போகணும். போவியா?"

"போவேன், ஷெரிஃப்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க. இன்னொரு தடவை இதோட உன்னைப் பார்த்தேன்னு வை, பெர்மிட்டையே ரத்து பண்ணிடுவேன். விளையாட்டுன்னு நினைச்சியா?"

"ஐயோ, பெர்மிட்ல கை வெச்சுடாதீங்க. கடையில தனியா நிக்கறவன் நான்."

"அப்ப இது என்கிட்டயே இருக்கட்டும்."

மேசை இழுப்பறையைத் திறந்து பேட்ஜை உள்ளே எறிந்தார். படார் என்று மூடினார். "போ. போறப்போ கதவைச் சாத்து. எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு."

டேல் நேராக நின்று தலைதாழ்த்தி வணங்கிவிட்டு வெளியே வந்தான்.

நடையில் ஜோலீன் கதவில் காது வைக்காத குறையாக நின்றிருந்தாள். அவள் அணிந்திருந்தது நர்ஸ் உடுப்பு.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல, ஒரு வாய் சாப்பிடல. சொந்த மகளையே யாருன்னு தெரியாம பார்த்தார். இந்தப் பேட்ஜ் மேல இருக்கற கோபம் மட்டும் எப்படித்தான் மறக்காம இருக்கோ! அவர் தூங்கினதும் எடுத்து வைக்கறேன். அடுத்த வியாழக்கிழமை வாசல்லயே வாங்கிக்குங்க."

"இதோட எத்தனை?"

"எட்டாவது பறிமுதல்." சிரித்தவள் தயங்கினாள். "உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"

"இல்ல. ஆனா தட்டு காலி."

முதியோர் இல்லத்து வாசலைத் தாண்டி வண்டிக்குள் ஏறிய டேல் கோட்டைக் கழற்றி இருக்கையில் போட்டான். முன்பெட்டியைத் திறந்து, ஓய்வு பெற்ற நாளன்று ஆரின் தன் கையாலேயே அவனுக்குக் குத்திவிட்ட ஷெரிஃப் நட்சத்திரத்தை எடுத்து, காக்கிச் சட்டையில் குத்திக்கொண்டான்.