பொட்டியும் புருஷன் பேரும்

"பேரச் சொல்லும்மா. பேரச் சொன்னாதான் அதுக்குப் புரியும்."

உதயகுமார் மூன்றாவது தடவையாகச் சொன்னான். அலமாரி மேல் இருந்த பெட்டி நீல விளக்கைச் சுழற்றிக்கொண்டு காத்திருந்தது. அதை 'நிலா' என்று கூப்பிட்டால் பதில் சொல்லும்.

பொன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நிலா, அவருக்குப் போன் போடு."

"மன்னிக்கவும். யாரை அழைக்க வேண்டும்?"

"அவரத்தாண்டி. இதோ எதுருல குந்திகினு கீறாரே, அவர."

எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் சின்னப்பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை பார்த்த முப்பது வருஷமும் அவர் பேரைச் சொல்லிக் கத்தாத ஆள் கிடையாது. நாற்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்திய மனைவி மட்டும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

போன மாதம் அவர் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பொன்னியம்மா சமையலறையில் வழுக்கி விழுந்தாள். அவர் திரும்பி வரும்வரை ஒரு மணி நேரம் தரையிலேயே கிடந்தாள். சேதி தெரிந்து வேலப்பன்சாவடியிலிருந்து மகன் ஓடி வந்தான். "ரெண்டு பேரும் என் ஃபிளாட்டுக்கே வந்துடுங்க" என்றான். மூன்று வருஷமாக அவனும் மருமகளும் கேட்டுக்கொண்டிருப்பதுதான். முத்தாபுதுப்பேட்டையை விட்டு, அதிலும் அந்த டீக்கடை பெஞ்சை விட்டு, சின்னப்பையன் அசைவதாக இல்லை.

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டதற்கு, "நான் இன்னாத்த சொல்றது? அவரு எங்க கீறாரோ அங்க" என்றுவிட்டாள் பொன்னியம்மா.

அதனால்தான் இந்தப் பெட்டி. விழுந்தால் எழ வேண்டாம், குரல் கொடுத்தால் போதும், அப்பாவுக்குப் போன் போய்விடும்.

"சரி, பேரு வேணாம். போன்ல 'அப்பா'ன்னு மாத்திடறேன்" என்றான் உதயகுமார்.

"எங்க நைனா செத்து முப்பது வருசம் ஆவுது. இவரப் போயி அப்பான்னு கூப்புடச் சொல்றியா?"

"'பெரியவர்'னு போடவா?"

"பெரியவருன்னா எங்க மாமனாரு. போட்டோவுலேர்ந்து எறங்கி வந்துடப் போறாரு!"

"'உதயா அப்பா'?"

இதற்குச் சம்மதித்தாள். "நிலா, உதயா அப்பாவுக்குப் போன் போடு" என்றாள். "உதயாவை அழைக்கிறேன்" என்றது பெட்டி. மகன் கையிலிருந்த போன் மணியடித்தது.

சின்னப்பையன் இருமல் வரும்வரை சிரித்தார். "டேய், எதையும் மாத்தாத. எம் பேரே இருக்கட்டும். ஒரு வாரம் டைம் குடு, நான் சொல்ல வெக்கறேன்."

"சொல்லலன்னா?"

"மூட்ட முடிச்சோட உன் ஊட்டுக்கு வந்துடறோம். வேம்புலியம்மன் மேல சத்தியம், போதுமா?"

அம்மன் பேரில் சத்தியம் செய்த பிறகுதான், அவசரப்பட்டுவிட்டோமோ என்று தோன்றியது.

மறுநாளே மல்லிகைப் பூவோடு ஆரம்பித்தார். "ஒரே ஒரு தபா பொன்னி. கதவ சாத்திடறேன். நானும் காதப் பொத்திக்கறேன்."

"வேணாங்க. புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறயும்."

"எழுவது ஆயிடிச்சி, இன்னும் இன்னாத்த கொறயறது!"

"அப்டிலாம் சொல்லாதீங்க" என்று அவள் கண் கலங்கியதும் அவருக்கும் என்னவோ போலாகிவிட்டது.

ஆள் எதிரில் இருந்தால் கூச்சம் என்று நினைத்து, வியாழக்கிழமை டீக்கடைக்குப் போய் போனைப் பெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்தே, போன அப்டி மொறச்சிகினு கீற?" என்றார் கூட்டாளி சுலைமான்.

"பொன்னி கூப்புடுவா. எம் பேரச் சொல்லி."

"கிழிஞ்சுது. டீ ஆறுது, குடி."

இரண்டு டீ ஆறியது. போன் அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தால், "'சின்' வரைக்கும் வந்துட்டுதுங்க. அப்பால தொண்ட அடச்சிகிச்சி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன் எதிரில் கடைசிப் பரீட்சை. பொன்னியம்மா பெட்டி முன் நின்று கைகளைப் பிசைந்தாள். "நிலா... அவருக்கு... வந்து... எங்க ஊட்ல கீறவருக்கு..." பெட்டி நாலு தடவை மன்னிப்புக் கேட்டது. அவள் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்னாலதாங்க உங்களுக்குக் கஷ்டம்."

"உடு பொன்னி. இந்தக் காலத்துல இப்டி ஒருத்தி கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்."

மினி லாரியில் சாமானோடு நிலா பெட்டியும் ஏறியது. வேலப்பன்சாவடி வரைக்கும் சின்னப்பையன்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு போனார். மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை, பக்கத்தில் டீக்கடை இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பியவர், லிஃப்ட் வரைக்கும் போய்விட்டுக் கண்ணாடியை எடுக்கத் திரும்பினார். திறந்திருந்த கதவு வழியாக மருமகள் ஜெயப்பிரியாவின் குரல் கேட்டது.

"அத்தை, மாமாகிட்ட கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொல்ல மறந்துட்டேனே."

"அதுக்கின்னா, இப்ப சொன்னா போச்சி. மூணு வருசமா நீங்க வாய் வலிக்கக் கூப்ட்டும் வராத மனுசன், நான் ஒரு வாரம் வாய மூடிகினு இருந்ததுல வந்துட்டாரு. இனிமே எனக்கின்னா பயம்?" என்ற பொன்னியம்மா, தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று கூப்பிட்டாள்: "நிலா! சின்னப்பையனுக்குப் போன் போடு!"

வாசலில் நின்றிருந்த சின்னப்பையனின் சட்டைப் பையில் போன் அலறியது.