தெரோன் வீட்டு ரேச்சல்

வெள்ளைச் சுவருக்குள் இருந்த கல்லறைகளில் ரேச்சல் இல்லை.

அலிடா ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்துவிட்டாள். எல்லாம் தெரோன் குடும்பத்தார். மதத்துக்காகப் பிரான்சை விட்டுக் கப்பலேறி, ஆப்பிரிக்காவின் இந்தத் தென்முனையில் திராட்சை நட்ட ஹ்யூகனாட்டுகளின் வாரிசுகள்.

தம்பி டானி தோளில் மண்வெட்டியோடு, ஒரு ரஸ்க் டின்னை மார்போடு அணைத்தபடி பின்னாலேயே வந்தான். டின்னுக்குள் அவர்களுடைய அக்கா ஹெஸ்டரின் சாம்பல்.

"என்னை ரேச்சல் பக்கத்துல வச்சிடுங்க." ஹெஸ்டர் கடைசியாகக் கேட்டது அது ஒன்றுதான்.

ரேச்சல் அவர்கள் பாட்டிக்குப் பாட்டி. அவளைப் பற்றி மிஞ்சியது ஒரே ஒரு பேச்சு: தெரோன் வீட்டுப் பெண். அதை வைத்துக்கொண்டு ஹெஸ்டர் ஆயுள் முழுக்கத் தேடினாள். கண்ணாடியில் மூக்கைத் திருப்பிப் பார்த்து, "சுத்தமான பிரான்ஸ்" என்பாள்.

"பிரான்ஸ்காரங்க இப்படியாக்கா குறட்டை விடுவாங்க?" என்பான் டானி.

தெரோன்களின் திராட்சைத் தோட்டத்தை இப்போது வைத்திருக்கும் லீன், சாவிக்கொத்தோடு வாசலில் தயங்கி நின்றாள்.

"சுவருக்கு வெளியே ஒரு ரேச்சல் இருக்கு அத்தை. ஆனா அது உங்க ஆளா இருக்காது. அங்க புதைச்சதெல்லாம் இந்த வீட்டு அடிமைங்களை."

வீட்டுப் பெண்.

அலிடா அந்தச் சொல்லை மனதுக்குள் புரட்டிப் பார்த்தாள். பெற்ற மகளையும் அப்படிச் சொல்லலாம். விலைக்கு வாங்கியவளையும் சொல்லலாம்.

வெளியே புதருக்குள் பெயரில்லாத உருண்டைக் கற்கள். நடுவில் ஒரே ஒரு பலகைக்கல். யாரோ ஆணியால் கீறிய எழுத்து. 'ரேச்சல்' மட்டும் தெரிந்தது. மற்றதைப் பாசி மூடியிருந்தது.

அலிடா மண்டியிட்டுக் கீழ்வரியை நகத்தால் சுரண்டினாள்.

'அம்மாவுக்கு. ஹெஸ்டர், அலிடா, டானியல்.'

இவர்கள் மூவரின் பெயர்களேதான். தலைமுறை தவறாமல் முன்னோர் பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கிற குடும்பம் அது.

டானி கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

"உள்ளே நல்ல இடம் இருக்கு மாமா," என்றாள் லீன் மெதுவாக. "மரத்தடியில. அங்க வேணும்னாலும்..."

டானி அலிடாவைப் பார்த்தான்.

"இங்கதான்டா. தோண்டு."

அவன் டின்னை இறக்கி வைத்துவிட்டுத் தோண்டத் தொடங்கினான். அலிடா கைக்குட்டையை நனைத்து மேல்வரியின் பாசியைத் துடைத்தாள். ரேச்சலுக்கு அடுத்து தெரோன் என்று இல்லை. அடிமைகளுக்குக் குடும்பப் பெயருக்குப் பதிலாக ஒட்டப்படும், பிடித்து வந்த ஊரின் பெயர் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

மண்வெட்டி நின்றது.

"பிரான்ஸ்ல அப்படி ஒரு ஊர் இருக்காக்கா?" ஹெஸ்டருக்காகவே கேட்பது போலிருந்தது அவன் குரல்.

அலிடா இல்லையென்று தலையசைத்தாள். டின்னை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி, தன் நாக்குக்குப் பழகாத அந்தப் பெயரை இன்னொரு முறை நிதானமாக வாசித்தாள்.

"நே... கா... பட்... னம்."