சும்மா நின்ற தூண்கள்

தபால் நிலைய முகப்பில் நான்கு கல் தூண்கள். கூரையே இவற்றின் மேல்தான் நிற்கிறது என்று நம்பி மூன்று தலைமுறை இவற்றில் சாய்ந்து முகவரி எழுதியிருக்கிறது. ஏணியில் நிற்கும் பெயிண்டரின் பட்டை பிரஷ், தூணின் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே நுழைந்து மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது. "மேஸ்திரி, தூண் எதையும் தாங்கல. சும்மா போஸ் கொடுத்துட்டு நிக்குது!" நான்கும் அப்படித்தான். போஸ்ட் மாஸ்டர் அம்மாவின் முகம் வெளுக்கிறது. "அப்போ கூரை எது மேல நிக்குது?" மேஸ்திரி புதுக் கவுன்டருக்காகக் காலையில் தானே பாதி இடித்த நடுச்சுவரைப் பார்க்கிறார். அதை ஒட்டிய மேசையில் குமாஸ்தா வழக்கம்போல முத்திரை குத்துகிறார். டொக். வெயில் கீற்றில் சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. டொக். இன்னும் கொஞ்சம். "அண்ணே... குத்தாதீங்க," என்கிறார் மேஸ்திரி. ஓங்கிய கையை இறக்காமல் குமாஸ்தா மேலே பார்க்கிறார்.