உட்கார்ந்திருப்பவரைத் தொடாதவர்

"பைரி அண்ணன் தங்கமானவர். உட்கார்ந்திருக்கிறவங்களைத் தொடவே மாட்டார்."

தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஒரு புறா தன் தோழியிடம் சொன்னது, மேலே கம்பியில் இருந்த பைரி என்ற வேட்டைப் பறவையின் காதில் விழுந்தது. இரண்டு நாள் பட்டினியாக இருந்த அதற்குக் குழப்பமாகிவிட்டது. உயரே ஏறி, பறக்கிற பறவையின் மேல் பாய்வதைத் தவிர அதற்கு வேறு வேட்டை தெரியாது. இதற்குப் பெயர் நல்ல குணமா?

இறங்கிப்போய் அந்தப் புறாவின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அக்கா, நான் நல்லவனா?"

"இவ்வளவு பக்கத்துல இருந்தும் சும்மா இருக்கீங்களே, இன்னும் என்ன சந்தேகம்?"

"நீங்க பறக்கலையே, அதனாலதான்."

"அடக்கத்தைப் பாரேன்!" என்று புறா சிரித்தது. "இருங்க, எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வரேன்."

"வேண்டாம் அக்கா, உட்காருங்க." தன் குரல் ஏன் நடுங்கியது என்று பைரிக்கே புரியவில்லை.

புறா பறந்தது.

பைரி உயரே ஏறியது.