இமைக்காத வெள்ளச்சி

கரியாலூர் ஓடைக்கரையில் வெயில் ஏறுகிறது. நூறு நாள் வேலைக்கு வந்த வெள்ளச்சியின் முகத்துக்கு நேராகச் செல்போனை நீட்டுகிறான், வருகை பதியும் ராஜதுரை. "கண்ணச் சிமிட்டு. அப்பதான் போனு ஏத்துக்கும்." அவள் சிமிட்டவில்லை. நேற்று அவள் சாமைக்கொல்லையை மொட்டையடித்தவை இவன் மாடுகள். எம் மாடே இல்லை என்று சாதித்தவனும் இவன்தான். இமையோரம் ஈ ஊர்கிறது, அப்போதும் அசையவில்லை. "இன்னா மொறைக்கிற? வேலை வாணாமா?" போனுக்கு மேலாக அவன் கண்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். அவன் இமைகள் படபடத்துத் தாழ்கின்றன. அதன் பிறகே அவள் போனைப் பார்த்து ஒரே ஒரு தடவை சிமிட்டிவிட்டு மண்வெட்டியை எடுக்கிறாள். "மாட்டக் கட்டி வையி."