துணியில் சுற்றியது

தொலைக்காட்சியில் நாயகன் வில்லனை வெட்டிச் சாய்த்ததும் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பே கைதட்டியது. சின்னத்தம்பி மட்டும் மனைவி ராக்காயியிடம் பொருமினான்.

"நம்ம புள்ளய லொறியால அடிச்சுக் கொன்னவனையும் இப்படித்தான் செஞ்சிருக்கணும். அவளே குறுக்க ஓடுனான்னு நீ சொன்னதா பொலிசுல சிங்களத்துல எழுதி வச்சிருக்காங்க. அது தெரியாம நீயும் கைநாட்டு வச்ச. அத காட்டித்தானே கோட்டுல தப்பிச்சான்!"

ராக்காயி துணியில் சுற்றிய எதையோ இடுப்பில் செருகிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்கு நடையைக் கட்டினாள்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியோ? சின்னத்தம்பி பின்னாலேயே ஓடினான்.

அங்கே சார்ஜன்ட்டின் மேசையில் துணி பிரிந்து கிடந்தது. உள்ளே இருந்தது, தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த மகளின் சிங்களப் பாடப்புத்தகம். கூடவே அவள் கைநாட்டு வைத்த அந்த வாக்குமூலத்தின் பிரதி. ராக்காயி அதில் விரலை ஓட்டி, எழுத்துக் கூட்டிச் சிங்களத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். அதை எழுதியிருந்த சார்ஜன்ட்டுக்கு வியர்த்தது.

வாசித்து முடித்து நிமிர்ந்தவள், சிங்களத்திலேயே சொன்னாள்:

"இதுல ஒரு வரிகூட நான் சொன்னதில்ல, சார்ஜன்ட் மாத்தயா. இப்ப சொல்றேன், எழுதுங்க. வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்."