நூற்று நாற்பத்தேழரை

"எக்கி நிக்காதம்மா. கணக்கு தப்பிரும்."

சுவரோடு ஒட்டி நின்ற திரேசம்மாளின் உச்சந்தலைக்கு நேரே பென்சில் கோடு போட்டு, இஞ்சு டேப்பை இழுத்தாள் சிந்தியா. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்றும் விடாத பாடமாம்.

"அம்மா நூத்தி நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். அப்பா நூத்தி அறுவது."

"ரெண்டு கூட்டிப் போடு மக்களே. நேத்து முடிவெட்டுனதுல குறைஞ்சு போச்சு," என்றார் மரியான். அவருக்கு எல்லாமே விளையாட்டு.

"அம்மா அப்பா உயரம் ரெண்டையும் கூட்டணும். பொம்பளப் பிள்ளைன்னா பதிமூணு கழிச்சு, பாதியாக்கணும். நூத்தி நாப்பத்தேழரை. இம்புட்டுதான் நான் வளந்திருக்கணும்." சிந்தியா டேப்பைச் சுருட்டினாள். "நான் நூத்தி அறுவத்தெட்டு. ஏழெட்டு கூடக் குறைய வரலாம், இருவது எப்படிப்பா வரும்?"

"எனக்க பாட்டா பனை உயரம் பாத்துக்கோ!" என்று சிரித்துவிட்டு, கோயிலில் குடில் பார்க்கக் கிளம்பிவிட்டார் மரியான்.

அவருடைய தாத்தாவைத் திரேசம்மாள் பார்த்திருக்கிறாள். மனிதர் அவரைவிடக் குள்ளம்.

சுனாமி வந்து நாளையோடு இருபது வருடம். அன்று காலை வந்த அலை மாமியாரையும், இவள் கையிலிருந்த மூன்று மாதப் பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு போனது. பித்துப் பிடித்தவளாய்த் தேடி அலைந்தபோது, தாழம்புதர் ஓரம் ஒரு குழந்தை அழுதது. மஞ்சள் கவுன், உடம்பெல்லாம் சேறு. மாரில் அணைத்ததும் பால் குடித்தது.

ஊர் பிணம் தேடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்கவில்லை. மஸ்கட்டிலிருந்து ஓடிவந்த மரியான், பிறந்த பிள்ளையை முதல்முதலாக அன்றுதான் பார்த்தார். கட்டிக்கொண்டு அழுதார். அவரிடம் எப்படிச் சொல்வாள்?

மூன்றாம் வருட நினைவுத் திருப்பலியில்தான் ஆரல்வாய்மொழியிலிருந்து வந்த ஒரு தம்பதியைக் கண்டாள். கடல் பார்க்க வந்த இடத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். இருவரும் நெடுநெடுவென்ற உயரம். கையில் குழந்தையின் படம், படத்தில் அதே மஞ்சள் கவுன்.

ஒவ்வொரு வருடமும் அவர்கள் வருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் திரேசம்மாள் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாள். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிவரை எத்தனையோ தடவை போய், வாய் வராமல் திரும்பியிருக்கிறாள். செத்துப்போன சொந்தப் பிள்ளைக்கு ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தக்கூட அவளுக்கு வழியில்லை.

சிந்தியாவை அந்த நாளில் வாசல் தாண்ட விடுவதே இல்லை. போன வருடம் மட்டும் கல்லூரி மருத்துவ முகாம் என்று பிடிவாதமாகப் போய்விட்டாள். திருப்பலிக்கு வந்தவர்களுக்கு எடை, உயரம், பிரஷர் பார்க்கிற வேலை. அவள் வீடு திரும்பும்வரை திரேசம்மாளுக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை.

"நாளைக்குத் திருப்பலிக்கும் கல்லறைக்கும் நானும் அப்பாவும் போயிட்டு வாறோம். நீ வரண்டாம் மக்களே. கூட்டத்துல மூச்சு முட்டும்." என்றாள் திரேசம்மாள்.

சண்டைக்கு நிற்பாள் என்று நினைத்தாள். சிந்தியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் குளிர்ந்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பேடிக்கண்டாம்மா, நான் வரல்ல. இங்கதான் இருப்பேன்."

"நான் என்னத்துக்குட்டி பேடிக்கேன்? எனக்கு என்ன பயம்?"

சிந்தியா சுவரிலிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தாள்.

"பிள்ளை படத்தோட வருவாங்கல்ல, அந்த ஆரல்வாய்மொழிக்காரங்க ரெண்டு பேரையும் போன வருசம் முகாம்ல நான்தான் அளந்தேன். அவங்கள வச்சுப் போட்டா, கணக்கு சரியா வருதும்மா."